வாசமில்லாத காஸ்

நோரிஸ் ரோடு, சிங்கப்பூர்
9-8-1961, புதன்கிழமை

அன்பு மகள் சரஸ்வதிக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் அண்ணன் சுந்தரமும் இன்றுவரை சுகம். நீயும் அங்கே சீமையில் இருமல் சளி இல்லாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இன்றுவரை என்று போட்டுவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும். அண்ணனை நிறுத்தச் சொல்லி உடனே தந்தி கொடு என்று நேற்று உனக்கு ஒரு தந்தி அடித்தேன். கிடைத்திருந்தால் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் விழித்திருப்பாய். லீவுக்குத் தோழி வீட்டுக்கு வேல்ஸ் போவதாக நீ எழுதியது தபால் ஆபீஸிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. எங்கே போனாலும் விலாசம் எழுதிவிட்டுப் போ என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். தந்தி உன் விடுதியில் யார் மேசையில் கிடக்கிறதோ, அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

மே மாதக் கடிதத்தில், கல்லூரியில் சின்ன மோட்டார் சைக்கிள் இஞ்சின் ஒன்றைப் பெட்ரோல் இல்லாமல் ஹைட்ரஜன் காஸில் ஓட்டிக் காட்டினார்கள், புகைக்குப் பதில் தண்ணீர்தான் வந்தது என்று படம் போட்டு அனுப்பினாய் அல்லவா. நானும் அம்மாவும் படித்து மகிழ்ந்து மடித்து வைத்துவிட்டோம். உன் அண்ணன் அந்தப் படத்தை எடுத்துப் போய்ப் பட்டறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினான். அன்றிலிருந்து அதே வேலை. தேக்கா மார்க்கெட்டில் பலூன் விற்கிற ஒலி முகம்மதிடம், அவர் பலூனில் அடைக்கிற அதே ஹைட்ரஜன் காஸை இரும்பு உருளையில் வாங்கி, தன் பழைய மோட்டார் சைக்கிளில் பின் சீட்டை ஒட்டிக் கட்டி, ரப்பர் குழாய் இழுத்து, போன மாதம் ஓடவே வைத்துவிட்டான். பொய் சொல்லக் கூடாது, நானும் அசந்துபோனேன். புகைக்குழாய் நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நின்றது. உன் அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆனால் நான் முப்பது வருஷம் காஸ் கம்பெனியில் குழாய்க் கசிவு தேடினவன். தெருவில் நடக்கும்போதே எங்கே கசிகிறது என்று என் மூக்கு சொல்லிவிடும். இந்தக் காஸுக்கு வாசமே இல்லை சரசு, என் மூக்கு இதற்கு உதவாது. சவுக்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், குழாய் மாட்டுகிற இடத்தில் குமிழி வந்தது. சொன்னேன், துணி சுற்றி இறுக்கினான், மறுநாளும் குமிழி. இரண்டு தடவை இஞ்சின் திருப்பி வெடித்து அக்கம்பக்கமே வெளியே வந்து பார்த்தது. புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இங்கே டப் என்று சத்தம் கேட்டாலே எல்லாருக்கும் பயம். நான் கண்டித்தபோது அவன் எதிர்த்துப் பேசவில்லை. "தங்கச்சி எழுதுனா படிப்பு, நான் செஞ்சா பைத்தியமாப்பா?" என்று மட்டும் கேட்டான். இரண்டு பேரையும் படிக்கவைக்க முடியாதென்று ஏழாம் வகுப்போடு அவனைப் பட்டறைக்கு அனுப்பியவன் நான். ஒருநாளும் சொல்லிக் காட்டாதவன் அன்றைக்குக் கேட்டுவிட்டான். கடைசியில் தங்கச்சி வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுகிறேன் என்றான். ஆடியில் வண்டிக்குப் பூஜை போடக் கூடாது, ஆவணி முதல் வெள்ளிக்குத்தான் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதுவரை வண்டி தெருவில் இறங்காது, உனக்கு நிதானமாக எழுதலாம் என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு.

திங்கட்கிழமை மத்தியானம் நல்ல வெயில். பின்கட்டில் அவன் குழாயை மாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துக் கொடியில் காய்ந்த துண்டு தானாகக் கறுத்துச் சுருண்டது. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. இந்தக் காஸ் எரிந்தால் பகலில் கண்ணுக்குத் தெரியாதாம், பிறகுதான் ஒலி முகம்மது சொன்னார். அண்ணன் உருளையை மூடுவதற்குள் அவன் கை மயிரும் ஒரு புருவமும் போய்விட்டன. இதைப் பார்த்தாவது அம்மா என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். அவளோ பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டது, இனி ஆவணி வரைக்கும் காத்திருக்கக் கூடாது, ஆடி வெள்ளி அம்மனுக்கு உகந்த நாள், திருஷ்டி கழித்தே ஆகவேண்டும் என்று வரும் வெள்ளிக்கே நாள் குறித்துவிட்டாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பூசணிக்காயில் சூடம் ஏற்றி வண்டியை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டுமாம். பிறகு அவளைப் பின்னால் உட்காரவைத்து அண்ணன் சிராங்கூன் ரோட்டை ஒரு சுற்று வருவானாம். அதற்குப் பச்சைப் புடவை எடுத்து வைத்திருக்கிறாள். கசிகிற காஸுக்குப் பக்கத்தில் சூடம் வேண்டாம் என்றால் சாமி காரியத்தில் அபசகுனமாகப் பேசாதீர்கள் என்கிறாள். உருளையைத் திறந்து காஸை வெளியே விட்டுவிடலாம் என்று போனேன், அதைத் திறக்கிற சாவி அண்ணன் இடுப்பில் இருக்கிறது.

உன் தந்தி வராவிட்டால் பூசணிக்காயை நானே சுற்றுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குச் சந்தோஷம், மனம் மாறிவிட்டேன் என்று நினைக்கிறாள். குமிழி வருவது இடப்பக்கம், அது எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் வரும்போது தள்ளி நடப்பேன். பூஜை முடியும்வரை அம்மாவை எதிர்க்கடை வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ இதைப் படிக்கும்போது வெள்ளிக்கிழமை போயிருக்கும். எது நடந்திருந்தாலும் உன் படத்தால் நடந்தது என்று நினைத்து அழக் கூடாது. நீ படித்ததை வீட்டுக்கு எழுதினாய், அதற்குத்தானே உன்னை அனுப்பினோம். அண்ணனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. நன்றாகச் செய்திருக்கிறாய் என்று முதலில் எழுது, வேண்டாம் என்பதைப் பிறகு எழுது. நான் அதைத்தான் மாற்றிச் செய்துவிட்டேன். கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு. அம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வை. துரைசாமி

பி.கு. வியாழன் காலை. தபால்காரர் வந்து போய்விட்டார், தந்திக்காரர் வரவில்லை. அம்மா பூசணிக்காயைக் கழுவித் துடைத்து வாசலில் வைத்திருக்கிறாள்.