தொட்டி கூப்பிடும்

மாமா,

கம்பெனி பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன். எறா தொக்கு சட்டியில் இருக்கிறது.

"குப்பையக் கொட்டிக்கினு இன்னாதான் பண்ற?" என்று கேட்டீர்களே, அதற்குத்தானே மூன்று நாளாக உங்களோடு பேசாமல் இருக்கிறேன். அந்தக் குப்பை இன்று காலை வேலை செய்துவிட்டது! மோட்டாரைப் போடுங்கள். தொட்டி நிரம்பியதும் சுவிட்ச் பக்கத்து டப்பா என் குரலிலேயே கூப்பிடும்: "மாமா, தண்ணி ரொம்பிடுச்சி, மோட்டார நிறுத்துங்க!"

பேசுவது தொட்டிதான். நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

காணாமல் போன உங்கள் ரேடியோ ஸ்பீக்கர் அந்த டப்பாவுக்குள் இருக்கிறது. திட்டாதீர்கள்.

கல்பனா

பி.கு.: டப்பாவில் சிவப்பு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் தண்ணீர் நிரம்பாமலே கூப்பிடும்.

இன்னொன்று: எத்தனை தடவை அழுத்தினீர்கள் என்று என் போனுக்கு வந்துவிடும்.