ஓர் அறையில் ஒரு முட்டை

ஆறாம் பசுமைக்குடில், செவ்வாய்க் கோள். நாள் 212, காலை 7.10

காற்றழுத்தம் சரி. வெப்பம் 24. தக்காளி மூன்றாம் வரிசையில் இலை சுருள்கிறது. இங்கே காவல் நான் ஒருவன்தான். பெயர் சேந்தன். வேளாண் படிப்பைப் பாதியில் விட்டவன். இதை யார் எப்போது படிப்பீர்களோ தெரியாது.

சரக்கு வண்டி வந்தது. ஆளில்லா வண்டி, இரண்டாம் குடிலிலிருந்து ஏழு நாள் ஓட்டம். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கூண்டு, அதில் ஓர் இளம் ராணித் தேனீ. அனுப்பியவள் பெனிட்டா, அங்கே தண்ணீர்க் குழாய் மெக்கானிக், மார்த்தாண்டத்துக்காரி. தேனீ வளர்ப்பு எங்கள் இருவருக்கும் பொழுதுபோக்காகத்தான் ஆரம்பித்தது. இப்போது அங்கே பதினோரு பேருடைய சாப்பாடு அதில் தொங்குகிறது. பூசணிப் பூவையும் பாகல் பூவையும் தூரிகையால் தொட்டு மகரந்தம் சேர்த்துப் பார்த்தார்கள். பாதி வயிற்றுக்குத்தான் காய்த்தது.

அவள் பேசி அனுப்பிய செய்தி:

"லேய் சேந்தா, எனக்க தேனீப்பெட்டில ராணி உண்டு, வேலைக்கு ஆள் இல்ல. ஒனக்க பெட்டில ஆள் உண்டு, ராணி இல்ல. எனக்க ராணிக் கிழவி போடுற முட்டைல பத்துக்கு ஒண்ணுதான் வேலைக்காரி, மிச்சம் பூரா ஆண் தடியனுவ. அதான் நல்லவள ஒனக்குத் தாறேன். இவளுக்க மக ஒருத்திய வளத்து அடுத்த வண்டில எனக்கு அனுப்பணும். கூண்டு வாசல்ல சீனி மிட்டாய் அடைச்சிருக்கேன். அத ஒனக்க தேனீயே தின்னு தீக்கட்டு. அதுக்குள்ள இவளுக்க மணம் பழகிரும். நீ தொறக்காண்டாம், கேட்டியா? ஒனக்க கை சும்மா கெடக்காதுல்லா."

நாள் 214, மாலை 4.40

மிட்டாய் பாதிகூடக் குறையவில்லை. கூண்டைச் சுற்றித் தேனீக்கள் அமைதியாக இருப்பதுபோல் தோன்றியது. பரீட்சை முடிவு வரும்வரைகூடப் பொறுக்காமல் கல்லூரியை விட்டு வந்தவன் நான். ஓர் ஆணியால் மிட்டாயைக் குத்தி எடுத்தேன்.

வெளியே வந்தாள். தேனடையில் நாலு எட்டு வைத்திருப்பாள். மொய்த்துவிட்டன. நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை, நடுவில் அவள். தங்கள் உடம்புச் சூட்டிலேயே அவளை வேகவைத்தன. உருண்டையை அள்ளித் தண்ணீரில் போட்டேன். தேனீக்கள் பிரிந்தன. அவள் அசையவில்லை. ஓர் இறக்கை தனியாக மிதந்தது.

நாள் 216, காலை 9.00

பெனிட்டா கேட்டாள்: "வெளிய வந்தாளா?"

நான் அனுப்பியது: "வந்துட்டா. சூப்பரா இருக்கா."

முதல் பாதி பொய் இல்லை.

நாள் 226, மாலை 3.15

அடையில் முட்டை! அவள் சாகவில்லையோ, நான் பார்த்தது கனவோ என்றுகூட நினைத்தேன். விளக்கைக் கிட்டே பிடித்தேன். ஓர் அறையில் மூன்று முட்டை. அடுத்ததில் ஐந்து. சுவரில் ஒட்டியும் கிடந்தன. ராணி ஓர் அறைக்கு ஒன்றுதான் போடுவாள், அடியில், நடுவில். இவை வேலைக்காரிகள் போட்டவை. ராணி இல்லாமல் வெகுநாள் கிடந்தால் இப்படித்தான் போடும். பொரிந்தால் அத்தனையும் ஆண். இந்தப் பெட்டி முடிந்தது.

பெனிட்டா படம் கேட்டாள். ஒற்றை முட்டை இருந்த ஓர் அறையைத் தேடிப் பிடித்தேன். அதை மட்டும் வெட்டி அனுப்பினேன்.

"எடே! எனக்க ராணி மோளே! இங்க எல்லாரும் கை தட்டுதானுவ. சமையல்கார ஸ்டீபன் ஒன்னக் கட்டிப்பிடிக்கணுங்கான். அவன் குளிக்கமாட்டான், பாத்துக்க."

அவள் குரலை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். சிரித்தேன்கூட.

நாள் 245, காலை 8.30

அடுத்த வண்டி வந்தது, தானியங்கிக் கை அதில் தக்காளியை ஏற்றியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வண்டி போய்விட்டது. கிளம்பியதும் இரண்டாம் குடிலுக்குத் தானாகவே தகவல் போகும். இன்று உண்மையைச் சொல்லிவிடுவேன்.

அதே நாள், பகல் 12.20

சொல்வதற்குள் அவள் செய்தி வந்தது:

"வண்டி கெளம்பிட்டுன்னு வந்துது. உடனே கிழவிய எடுத்துட்டேன். ரெண்டு வெரலுக்கு எடைல வச்சு நசுக்கும்போ ஒரு மாதிரி ஆயிட்டு மக்கா. இனி வண்டி வாறதுக்குள்ள இதுங்க கிழவி விட்டுட்டுப்போன புழுவுல சொந்தமா ராணி அறை கட்டும். வண்டி வாறதுக்கு முந்துன நாள் அதையெல்லாம் கிள்ளிருவேன். அப்போ புழு பூராவும் வயசாயிரும், வேற கட்டமுடியாது. வேற வழியில்லாம ஒனக்க மகள ஏத்துக்கிடும்."

இன்னும் கெட்டுப்போகவில்லை. "கிள்ளாதே" என்று ஒரு வார்த்தை போதும். அந்த அறைகளிலிருந்தே அவளுக்கு ஒரு ராணி வந்துவிடும்.

எழுதினேன். அழித்தேன். "கிள்ளாதே" என்றால் ஏன் என்று கேட்பாள். படத்தைப் பற்றிக் கேட்பாள். தொடர்பு நாள் முழுக்கத் தெளிவாக இருந்தது. தக்காளிக்குத் தண்ணீர் விட்டேன். வடிகட்டி கழுவினேன். காலையில் சொல்கிறேன்.

நாள் 246, காலை 6.00

இரவில் புழுதிப் புயல். அலைக்கம்பம் முறிந்துவிட்டது. அவள் பேசுவது கேட்கிறது. நான் பேசுவது போகவில்லை.

நாள் 249

விண்வெளி உடுப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை வெளியே போனேன். கம்பத்தில் கம்பியைச் சுற்றினேன். காற்று பிடுங்கிப் போட்டது. இடது கையுறையின் மேலுறை கிழிந்து, குளிரில் விரல் மரத்துவிட்டது. "கிள்ளாதே. ராணி செத்துவிட்டாள். நான்தான் கொன்றேன்." அனுப்பு. போகவில்லை. அனுப்பு. போகவில்லை.

நாள் 251, மாலை

"சேந்தா, புயல்ல ஒனக்க கம்பம் போச்சோ? சத்தமே இல்ல. கவலப்படாத. ஒம்பது அறை கட்டியிருந்துது, நல்ல கொழுத்த அறை. எல்லாத்தையும் கிள்ளியாச்சு. ஒண்ணுகூட விடல."

அனுப்பு

போகவில்லை

நாள் 252

விரல் கறுத்துவிட்டது. அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். அணைக்க முடியவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

"வண்டி வந்தாச்சு மக்கா. எல்லாரும் வாசல்ல நிக்கானுவ. ஸ்டீபன் குளிச்சிருக்கான், நம்புவியா?"

"தக்காளிய எறக்கியாச்சு. கூண்டக் காணல்ல. அடியில வச்சியா?"

"பெட்டியெல்லாம் கவுத்தாச்சு. ஸ்டீபா, அந்தப் பக்கம் பாரு. ஒவ்வொண்ணாப் பாரு, மெதுவா, மிதிச்சிராத."

"லேய் சேந்தா. எங்கலே வச்ச?"