வேறு மீட்டரால் தொடாதே

சசெக்ஸ், இங்கிலாந்து
1979 அக்டோபர் 9, செவ்வாய்

அன்பு மகள் மோரீனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஆஸ்திரேலியாவில் நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய் மட்டும் பழையபடிதான். உன் அண்ணன் கோலின் பழைய விமானத்தளத்து நிலத்தை வாங்கியதை எழுதியிருந்தேன் அல்லவா, அங்கே மழைத்தண்ணீர் வடிவதில்லை என்று வரும் வியாழக்கிழமை இயந்திரம் வைத்துக் கால்வாய் தோண்டப் போகிறான். அதை எப்படியாவது நிறுத்தியாக வேண்டும்.

வயலோரம் சண்டைக்காலத்துச் செங்கல் கொட்டகை ஒன்று இருக்கிறது. போன சனிக்கிழமை அதைச் சுத்தம் செய்தபோது ஒரு மீட்டர் கிடைத்தது. ரொட்டி அளவில் கறுப்புப் பெட்டி, ராணுவச் சாமான்களில் போடும் அம்புக்குறி முத்திரை, 1940 என்று வருடம், ஊசிக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோடு. நாற்பது வருடம் மின்சார வேலை பார்த்த நான் இப்படி ஒரு நோஞ்சான் மீட்டரைப் பார்த்ததே இல்லை, அது அனுப்பும் கரண்ட் ஓர் எறும்பைக்கூட எழுப்பாது. வீட்டுக்குக் கொண்டுவந்து இதை வைத்து எதை அளந்திருப்பார்கள் என்று அம்மாவிடம் கேட்டதற்கு, "உங்க மூளையத்தான் அளந்திருப்பாங்க, மேசையிலேருந்து எடுங்க அந்தக் குப்பைய" என்றாள்.

நேற்று மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தபோது அடித்தகட்டில் எழுத்து தெரிந்தது. வெடிக் கம்பிகளை வேறு மீட்டரால் தொடாதே என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் அது ஏன் அத்தனை நோஞ்சான் என்று புரிந்தது, கரண்ட் கொஞ்சம் கூடினாலும் வெடித்துவிடும். ஜெர்மன்காரன் வந்து இறங்கினால் ஓடுதளத்தையே தகர்த்துவிட அடியில் குழாய் குழாயாக வெடிமருந்து புதைத்திருக்கிறார்கள் என்று அந்த நாளில் ஊரில் பேச்சு உண்டு. கொட்டகைத் தரையிலிருந்து இரண்டு கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. புது பேட்டரி போட்டு அந்தச் சின்ன மீட்டரை இன்று காலையில் அவற்றில் வைத்தேன். ஊசி நேராகச் சிவப்புக் கோட்டில் போய் நின்றது மோரீன். அப்படியென்றால் மறுமுனையில் இருக்கும் வெடிவரை கம்பி இன்னும் அறுபடவில்லை.

கோலினிடம் ஓடினேன். "எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு நிலத்த வித்தவர் எழுதியே குடுத்திருக்காருப்பா. ஓட்டை டப்பாவத் தூக்கிட்டு நீங்க போலீசுக்குப் போனா வயலப் பூட்டிருவாங்க, அப்புறம் கோதுமைய உங்க தலையிலயா வெதைக்கிறது?" என்று சிரித்தான். போலீசுக்குப் போகமாட்டேன் என்று வாக்கும் வாங்கிக்கொண்டான்.

அவனிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை அந்தக் கம்பிகளைக் கண்டதும் பழக்க தோஷத்தில் என் சொந்த மீட்டரைத்தான் மாட்டினேன், கையால் சுற்றினால் ஐந்நூறு வோல்ட் தள்ளுமே, அதை. மூன்று சுற்று சுற்றியிருப்பேன், அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், கழற்றி வைத்துவிட்டு வந்தேன். ஏன் வெடிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. கோலின் அப்போது அந்த வயல் நடுவில் டிராக்டரில் உட்கார்ந்திருந்தான், எனக்குக் கைகூட ஆட்டினான்.

என் தப்பை நானே ஒப்புக்கொண்டால் இது விளையாட்டில்லை என்று நம்புவான், தோண்டமாட்டான். சொல்ல இரண்டு தடவை அவன் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். நீ போனில் சொல்லேன் என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் வியாழக்கிழமை போய்விடும், அது எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். அவனிடம் சொல்ல வாய் வரவேண்டும் என்றுதான் முதலில் உன்னிடம் சொல்லிப் பார்த்தேன் போலிருக்கிறது. தபாலில் போட்டுவிட்டு நேரே அவனிடம் போகிறேன், அவன் என்ன கத்தினாலும் அங்கிருந்து போலீசுக்கும்.

நீயும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக வாழவேண்டும். ஒயர் பிய்ந்துவிட்டதாக எழுதியிருந்தாயே, அந்த இஸ்திரிப்பெட்டியை ஒயர் மாற்றும்வரை தொடாதே.

உன் அப்பா
வில்ஃப்ரெட்