இளக்கி வையும்

3 ஜூன் 2002, திங்கள்

சபை அலுவலகத்தில் இன்றும் பாதி நாள் மின்சாரம் இல்லை. நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தால் மேசையில் யாழ்ப்பாணக் கடிதம்.

தயாபரன். பேராதனையில் படித்த காலத்தில் எங்கள் பின்னறையில் தங்கியிருந்தவர். போய் இரண்டு வருடம். “பாதை திறந்திட்டுது. 29ஆம் திகதி சனிக்கிழமை வாறன். பேஸ் கிட்டாரையும் கொண்டுபோவன். இங்க பெடியள் ஒரு குழு துவங்கீட்டாங்கள்.” மிச்சமெல்லாம் அப்பா அம்மாவுக்கு. எனக்குக் கடைசி வரி: “நீர் சுகமோ?”

இரண்டு சொல். எத்தனை தரம் படிப்பது?

“அந்தத் தம்பி வர்றாராமா?” என்றாள் அம்மா. “நல்ல புள்ள. தட்டைக் கழுவி வச்சிட்டுத்தான் போவாரு. ஒங்கப்பா இருக்காரே...”

அலுமாரிக்குப் பின்னாலிருந்து கிட்டாரை எடுத்துக் கட்டிலில் கிடத்தினேன். ஏதோ சரியில்லை. அடிமட்டத்தை அதன் கழுத்தின், நெக்கின் மேல் வைத்தேன். இரண்டு முனையும் தொடுகின்றன, நடுவில் வெளிச்சம் தெரிகிறது. வளைந்திருக்கிறது. வாரா வாரம் கையில் எடுத்தேனே, எப்படித் தெரியாமல் போனது? வாரா வாரம் பார்த்ததால்தானா?

5 ஜூன்

போரால் தரைப்பாதை மூடியிருந்ததால் அவர் ஊருக்குக் கப்பலில் போனார். “இதைக் கொண்டுபோக விடமாட்டாங்கள். நீர் பாத்துக்கொள்ளும். கம்பியளை மட்டும் இளக்கி வையும்” என்றார்.

வைத்தேனே. ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல், நாலு கம்பிக்கும் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு, பழைய வாயில் சேலைத் துணியால் துடைத்து. கம்பி இறுகித் துருப்பிடிக்காமல் இளகி இருக்கட்டும் என்றுதானே.

ஒலிபெருக்கிப் பெட்டியில் இணைக்காமல்தான் வாசிப்பார், அப்பாவுக்குத் தொந்தரவு என்று. காதுக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் என் கட்டிலின் தலைப்பலகை பின்னறைச் சுவரோடு ஒட்டியிருந்தது. புத்தகத்தோடு சாய்ந்திருப்பேன், பலகை வழியாக அதிர்வு முதுகுக்குள் வரும். பாட்டு என்னவென்று தெரியாது. அடியில் ஓடுவது மட்டும்.

இப்போதும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன்.

பிறகு அந்த ‘நீர்’. வீட்டில் எனக்கு ‘நீ’, அலுவலகத்தில் ‘நீங்க’. கதைகளில் அரசர்கள்தான் ‘நீர்’ என்பார்கள். ஒருவர் எனக்கென்று ஒரு சொல் எடுத்து வைத்தது போல இருந்தது.

6 ஜூன்

டவுன் இசைக்கருவிக் கடைக்காரர் உறையை முழுதாகத் திறக்கக்கூட இல்லை. “மலிவுச் சாமான் தங்கச்சி. விறகு.” அவருடைய கடைப் பையன் எனக்காகப் பாவப்பட்டு, மடவளையில் பளீல் நானா என்று ஒரு தச்சர், கல்யாண பேண்ட்காரர்களின் கிட்டார்கள் அவரிடம்தான் போகும் என்றான்.

8 ஜூன், சனி

மடவளை பஸ்ஸில் அதற்கும் ஒரு சீட் கேட்டார் கண்டக்டர். விளையாட்டாகத்தான்.

பளீல் நானா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் நீளத்துக்குப் பார்த்தார். “வில்லு நல்லாத்தான் இருக்கு. அம்பு எங்க தங்கச்சி?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெக்குக்குள்ளே ஒரு இரும்புக் கோல் ஓடுகிறதாம். அதை முறுக்கினால் மரம் நிமிரும். முனையில் சாவி போட்டுத் திருப்பினார். பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“மரை பெய்த்து.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒங்களுக்குச் செல்லல்ல, இதுக்கு” என்றார். பிறகு, “கம்பிய இறுக்கியேவா வெச்சிருந்தீங்க, இவ்வளவு நாளும்?”

“ஆமா நானா. ஆனா எண்ணெய் போட்டேன்.”

“எண்ணெயா? இது என்ன, தைக்கிற மெஷினா? யாரு சென்ன?”

கிட்டாரின் சொந்தக்காரர்தான் சொன்னார் என்றேன். நானா நாலு கம்பியையும் கழற்றி, இரும்புச் சட்டத்தில் வைத்து இடுக்கி, சூடு கொடுத்துப் பார்க்கிறேன் என்றார். பலகையை நிமிர்த்திய கைதான், வாக்குறுதி மட்டும் கேட்காதீங்க என்றார்.

13 ஜூன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சிவயோகம் அக்கா மானிப்பாய்க்காரி, இந்த வாரம்தான் மாற்றலாகி என் பக்கத்து மேசைக்கு வந்தவ. கோப்புக் கட்டும் பியூன் லெட்சுமணனிடம் இன்று சொன்னா: “நீர் நாடாவைக் கொஞ்சம் இளக்கிக் கட்டும், கடதாசி கிழியப் போகுது.”

அவன் நாடாவைத் தளர்த்தினான்.

தளர்த்தினான்! இளக்கி என்றால் தளர்த்தி. எனக்கு இளக்குவது என்றால் உருக்குவது, மென்மையாக்குவது. எத்தனை புத்தகம் படித்து என்ன? கேட்டிருக்கலாமே. கேட்டால் புரியாதவள் ஆகிவிடுவேன் என்று... நான்தான் வளைத்தேன். இரண்டு வருடம் இழுபடவிட்டு, மேலே எண்ணெயும் பூசி.

சும்மா கேட்பது போல அக்காவிடம் மற்றதையும் கேட்டேன். ‘நீர்’ என்றால் என்ன?

“அது சும்மா ஒரு மட்டு மரியாதை பிள்ளை. எங்கட வயசு ஆக்களுக்குச் சொல்லுறது. இப்ப இவனுக்கும் சொன்னனே, நீர் கேக்கேல்லையோ?”

ஆமாம், லெட்சுமணனுக்கும் சொன்னா. எனக்கும் சொன்னா, அதே மூச்சில்.

14 ஜூன்

வெள்ளி. கிட்டார் மடவளையில். கைக்கு வேலையில்லை.

15 ஜூன், சனி

மறுபடி மடவளை. இடுக்கியைக் கழற்றிய மறுநாளே நெக் மறுபடி வளைந்துவிட்டதாம். “மரம் பழகீட்டு. இனி வேற நெக்தான்.” நாவலப்பிட்டிப் பக்கம் வேன் புரண்டதில் உடல் பிளந்த ஒரு பேஸ் நானாவின் மச்சானிடம் கிடக்கிறதாம், அதன் நெக் நேராக இருக்கிறதாம்.

போடுங்க என்றேன். தயாபரன் விரல் பட்ட இடம் முழுவதும் போய்விடும். போடுங்க என்றுதான் சொன்னேன்.

22 ஜூன்

பொருந்திவிட்டது. பொருத்தில் ஒரு மரச் சீவல் வைத்து, நாலு ஆணி முறுக்கி. பழையது மஞ்சள், இது கறுத்த சிவப்பு. தலையின் வடிவமும் வேறு. குருடனுக்குக்கூடத் தெரியும்.

நானா கம்பி மாட்டி, தடித்த கம்பியைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். முதல் தடவையாக நானே தட்டினேன். விலாவுக்குள் வந்தது. சுவர் இல்லாமல்.

28 ஜூன்

மூன்று பொய் யோசித்து வைத்திருக்கிறேன். மூன்றும் மோசம்.

29 ஜூன், சனி

பதினொன்றுக்கு வந்தார். மெலிந்திருக்கிறார். அம்மாவுக்குப் பனங்கட்டிக் குட்டான், அப்பாவுக்குச் சுருட்டு. மூன்றரை பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

சாப்பிட்டபின் உறையைத் திறந்தார். கறுத்த சிவப்பின் மேல் விரலை ஓட்டினார். “இது என்ர நெக் இல்லையே.”

ஒரு பொய்யும் வாய்க்கு வரவில்லை. வளைந்தது, மரை போனது, மடவளை, வேன் எல்லாம் சொன்னேன். எப்படி வளைந்தது என்றும் சொன்னேன். இளக்கி என்பதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருளையும்.

சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “கடவுளே! மெஷின் எண்ணெயோ? எப்பவெல்லாம் பூசினீர்?”

“வெள்ளிக்கிழமை.”

“எந்த வெள்ளி?”

“எல்லா வெள்ளியும்.”

இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு மெல்ல நின்றது. கிட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ரெண்டு வருசமோ? எல்லா வெள்ளியுமோ?” இந்தத் தடவை குரல் தாழ்ந்திருந்தது.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அம்மா தேத்தண்ணியோடு வந்தாள்.

இப்போது மணி ஐந்தாகிறது. அவர் முன்னறையில் அப்பாவோடு ஏதோ கதைத்துக்கொண்டிருக்கிறார். மூன்றரை பஸ் போனதை யாரும் சொல்லவில்லை. அம்மா இரவுக்கு அரிசி அளக்கிறாள். மூன்று பேருக்கு மூன்று சுண்டு எப்போதும். நாலாவதையும் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமல் குழாயைத் திறந்தாள்.