மூன்றாம் கட்ட விளைச்சல்

நாள் 212. காலை 7.10
செவ்வாய், வடக்கு முகாம். எழுதுவது ஜெசிந்தா, வேதியியலாளர். மற்ற நால்வரும் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த கப்பல் வரும்வரை நான் மட்டும்.
நுண்பாய்வுச் சில்லு ஓடுகிறது. மயிரிழை அகல வாய்க்கால்களில் மூன்று கட்ட வினை: கரியமில வாயு மெத்தனாலாகிறது, மெத்தனால் பார்மால்டிஹைடாகிறது, அது சர்க்கரையாகிறது. கட்டத்துக்கு ஒரு வினையூக்கி. கடைசியில் சொட்டும் கரைசல்தான் என் உணவில் பாதி.
மூன்றாம் கட்ட விளைச்சல்: 91.4 விழுக்காடு.

நாள் 219. காலை 7.05
91.4. எட்டு நாளாக அதே எண். வினையூக்கி என்றால் தேயும். எண் கொஞ்சமாவது இறங்க வேண்டும். கண் எரிகிறது. தொண்டையும்.

நாள் 220. பகல் 1.30
பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அருமைநாதன்: "மேடம், அளவெல்லாம் சரியா இருக்கு. வழக்கம்போல குடிங்க."
அவன் எங்கள் தூத்துக்குடிக்காரன். என்னை ஒருநாளும் மேடம் என்றதில்லை; எக்கா என்றுதான். அவன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

நாள் 221. காலை 9.40
திரையை நம்பாமல், மூன்றாம் கட்ட வாயிலில் கையாலேயே ஒரு சொட்டு எடுத்தேன். பார்மால்டிஹைடு பட்டால் நிறம் மாறும் சோதனைத் தாள் கரு ஊதாவானது. முகர்ந்தேன். கல்லூரியில் தவளை ஊறிய ஜாடியின் நெடி. மூன்றாம் வினையூக்கி செத்துவிட்டது. பார்மால்டிஹைடு அப்படியே என் குவளைக்கு வருகிறது.
விளைச்சலை அளக்கும் உணரியின் கம்பியைத் துண்டித்தேன். திரையில் இன்னமும் 91.4.
பதிவேட்டைத் தோண்டினேன். நாள் 211-இல் பூமியிலிருந்து மென்பொருளை மாற்றியிருக்கிறார்கள்.

நாள் 221. மாலை 4.15
காரணம் கேட்டேன். அருமைநாதன் குரலிலேயே பதில்: "சின்னக் கோளாறுதான் மேடம். சில்லை நிறுத்திடாதீங்க. முதல் ரெண்டு கட்டத்தோட தரவு இன்னும் முப்பது நாளைக்கு வேணும்."
என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நாள் 222. காலை 6.50
இரைச்சலுக்கு நடுவே, அவசரக் குரல்: "எக்கா, நாந்தான். அதைக் குடிச்சிராதிய. கப்பல் கெளம்பவே இல்ல. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாவ. நான் வெளிய..."
அறுந்தது.

நாள் 222. காலை 8.00
சில்லை நிறுத்திவிட்டேன். உலர் உணவு இருபத்தாறு நாளுக்கு. செய்தி அனுப்பினேன்: கப்பல் கிளம்பட்டும், பிறகு தரவு. அருமைநாதனோடு பேச வேண்டும்.

நாள் 223. பகல் 12.20
புதிய குரல், ஒரு பெண்: "அருமைநாதனா? அப்படி யாரும் இங்க வேலை பார்க்கலையே மேடம். ரொம்ப நாள் தனியா இருக்கீங்க. சில்லை ஓட விடுங்க."
பழைய செய்திகளைத் தேடினேன். அவன் குரல் ஒன்றுகூட இல்லை. அழித்துக்கொண்டே வருகிறார்கள். இனி எழுதுவது காகிதத்தில்தான்.

நாள் 223
இதைக் கண்டெடுப்பவருக்கு: கண் இருண்டுகொண்டே வருகிறது. கரைசலைக் குடிக்காதீர்கள். அப்படி ஒருவன் இருந்தான். அருமைநாதன். அவன்தான் எனக்குச் சொன்