செபஸ்ரியன் போட்ட தையல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வலது கையில் சின்னக் காயம், இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலைக் கண்டு பயப்படாதீர்கள்.

போன கிழமைக்கு முந்தின ஞாயிறன்று இங்கே ரொம்சோஸ் பகுதியில் ஒரு பிறந்தநாள் விருந்து. டொக்டர் செபஸ்ரியனும் வந்திருந்தான். மாவட்டக் கோட்டாவில், எனக்குக் கிடைக்காத மருத்துவபீடத்துக்கு என்னைவிடக் குறைந்த புள்ளியுடன் போன அதே மன்னார் செபஸ்ரியன்தான். இந்த நாட்டின் வடக்கில் உள்ள பழங்குடிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் இனம் பார்த்து இடம் ஒதுக்குவது நியாயம் என்றான்.

"இனம் பாத்துத்தான்ரா எங்கட கம்பஸ் இடங்களையும் வெட்டினவங்கள்," என்றேன்.

"அது வெட்டினது, இது குடுக்கிறது. உமக்கு இன்னும் அந்த எரிச்சல் போகேல்லையே, ஐசே?" என்று சிரித்தான்.

அவன் வாயில் குத்தினேன். பல் உடைந்து, ரத்தம் கேக்கில் தெறித்தது. அடுத்த குத்துக்கு அவன் விலக, என் கை அலுமாரிக் கண்ணாடிக்குள் போய்விட்டது. அந்த உடைந்த வாயோடு தன் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் அவனே தைத்தான். "கையை ஆட்டாதையும்" என்று மட்டும் சொன்னான்.

பொத்தான் பூட்டிவிட இங்கே யாருமில்லை. பொத்தானில்லாத சட்டை இரண்டு அனுப்புங்கள்.

தையலில் பிழை தேடித் தினமும் கட்டை அவிழ்த்துப் பார்க்கிறேன், அம்மா. ஒரு பிழையும் இல்லை. அதற்காகவும் அவனை மன்னிக்க மாட்டேன்.

தையல் வெட்ட இன்று அவனிடமே போகவேண்டும். பஸ் வரப்போகிறது.

உங்கள் மகன்
குலேந்திரன்