சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட மரம்

நவமணி புள்ளைக்கு, நான் சொகமா இருக்கேன். ஒன் முட்டி வலி தேவலையா? செவலை ஆடு குட்டி போட்டுச்சா?

இங்க பிரான்சுல நடக்கறதுக்குன்னே லீவு எடுத்து வர்றாங்க, பாரேன்! திராட்சைத் தோட்டம் வழியா ஊர் ஊரா நடை. நம்ம தோட்டத்துப் பழைய துரைதான் இங்க அப்படி ஒரு கூட்டத்தை நடத்திக் கூட்டிட்டுப் போறாரு; அவங்களுக்குச் சோத்துமூட்டை தூக்கிட்டு நான் பின்னாடி.

நேத்து ஒரு மரத்துல சிவப்பு வெள்ளைக் கோடு. நம்ம ரப்பர் தோட்டத்துல சாயம் பூசுன மரத்தைத் தாண்டுனா அடுத்தவன் பால் வெட்டுற நெறை, வேலை வாங்குற மண்டோர் ஏசுவாரே! அங்கேயே நின்னுட்டேன். அது வழிகாட்டுற கோடாம்! முன்னால போனவங்க எல்லாரும் பசியோட என்னைத் தேடித் திரும்பி வந்தாங்க. வேலை போச்சுன்னே நெனச்சேன். துரை சிரிச்சிட்டு நம்ம தோட்டத்துப் பேச்சுலயே சொன்னாரு:

"இருசப்பா, இனி நீ முன்னால நட லா!"

இப்ப நான்தான் முன்னால, ஜோரா இருக்கு! பேச்சுத்தொணைதான் இல்ல.

துரை கூப்பிடறாரு, கெளம்புறேன். ஜெராம் கடக்கரைக் கருவாடு கொஞ்சம் அனுப்பு. பொட்டலத்தை நீயே கட்டு. ஒன் முடிச்சை நான் அவுக்கணும்.

இருசப்பன்